ஆடித் தள்ளுபடியில் இறந்த பெரியப்பா

என் அம்மாவுக்கு வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில், குடித்தனம் மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற பாசஞ்சர் ரயிலில். இதை அவள் காதுபடச் சொன்னால் கரண்டி பறந்து வரும். ஆனாலும் நிஜம் அதுதான்.

விழுப்புரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், சேலை செக்‌ஷனில் நிற்கிறாள் அம்மா. வேலை பார்க்கிறாள் என்று எழுதலாம்தான். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் அங்கே முக்கியமாகச் செய்வது நிற்பது. சேலை விரிப்பதெல்லாம் நடுநடுவே. உள்ளே நுழைந்ததும் செல்போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் தனக்குக் கால் இருப்பதும் பிள்ளைகள் இருப்பதும் அவளுக்கு ஞாபகம் வரும்.

லேடீஸ் பெட்டியில் அவளுக்கு ஒரு கூட்டம் உண்டு. ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி, கோர்ட்டில் டைப் அடிக்கிறவள் ஒருத்தி, நர்சரி ஸ்கூல் டீச்சர் ஒருத்தி. எல்லார் கைப்பையிலும் கத்தி இருக்கும். விழுப்புரத்தில் ஏறி உட்கார்ந்ததும் ஆளுக்கொரு கத்தியை வெளியே எடுப்பார்கள். புதிதாக அந்தப் பெட்டியில் ஏறுகிறவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாமா என்று பார்ப்பார்கள். அப்புறம் மடியில் பேப்பரை விரித்து அவரைக்காய் நறுக்க ஆரம்பிப்பார்கள், மறுநாள் காலைப் பொரியலுக்கு. ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி பூண்டு உரிப்பாள். மாமியாரைப் பற்றிப் பேச வேண்டியவள் எவளோ அவளிடம் வெங்காயத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

கத்தி ஒரு கையில், போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். முண்டியம்பாக்கம் வந்தால் எனக்கு முதல் போன்: "தண்ணி புடிச்சியா?" விக்கிரவாண்டியில் அடுத்தது: "அரிசிய ஊற வை." பேரணியில் தங்கச்சிக்கு: "படிக்கிறியா, உங்க அண்ணங்கூட சேர்ந்து போன் பார்த்துக்கினு இருக்கியா?" மயிலம் தாண்டினதும் மறுபடி எனக்கு: "குக்கர வை." சரியாக வைத்தால், கடைசி விசில் அடங்கும்போது அம்மா வாசலில் செருப்பைக் கழற்றுவாள். சிக்னலுக்காக ரயில் எங்கேயாவது நின்றுவிட்டால் எங்கள் வீட்டில் சோறு குழைந்துவிடும். இன்றைக்கு ரயில் லேட்டா இல்லையா என்பதை எதிர்வீட்டுக்காரம்மா எங்கள் சாதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். தங்கச்சி தொட்டிலில் கிடக்கும்போது, "பெங்களூர்ல ஒரு வேல இருக்குதாம், பார்த்துட்டு வர்றேன்" என்று கிளம்பியவர் அவர். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ரொம்பப் பெரிய வேலை போல.

என் விஷயம் சுருக்கம். பிளஸ் ஒன்னில் நானும் படிப்பும் பேசிப் பிரிந்துவிட்டோம். இப்போது ஒரு ப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். இந்த ஊரில் யாருக்குக் காது குத்தினாலும், யாருக்குக் கல்யாணம் ஆனாலும், யார் செத்தாலும் சொந்தக்காரர்களுக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். செத்தவர் வீட்டில் இன்னும் ஐஸ் பெட்டி வந்திருக்காது; என் கம்ப்யூட்டரில் அவர் மேகத்துக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்பார்.

வீட்டில் படித்தது தங்கச்சிதான். பத்தாவதில் ஸ்கூலிலேயே முதல் மார்க். அவளுடைய ஸ்கூல் எச்.எம்.முக்கு ஒரு பழக்கம் உண்டு. சுதந்திர தினத்துக்கு எம்.எல்.ஏ.வையோ சேர்மனையோ கூப்பிட மாட்டார். எந்தப் பிள்ளை முதல் மார்க் வாங்குகிறதோ அந்தப் பிள்ளையின் அம்மாதான் கொடியேற்ற வேண்டும். தங்கச்சி வந்து சொன்னபோது அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நானா? ஏன், உங்க எச்.எம்.முக்கு கை வலியா?"

"மா, வெளையாடாத. நீதான் ஏத்தணும். எல்லாரும் பாப்பாங்க."

"அண்ணன அனுப்பட்டுமா? எல்லா மீட்டிங்குக்கும் அவன்தான போறான்."

தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இவன் வந்தா டீச்சருங்க என் மார்க்க வுட்டுட்டு இவன் கதைய பேச ஆரம்பிச்சுடறாங்க. பி.டி. சார் இன்னும் இவன் ஒடச்ச கோல்போஸ்டுக்கு அழுவுறாரு. நீ ஒரு தடவகூட என் ஸ்கூல் உள்ள வந்ததில்ல மா. எல்.கே.ஜி.லேர்ந்து ஒரு தடவகூட."

அம்மா தோசையைத் திருப்ப மறந்துவிட்டாள். தோசை கருகியது. கருகினதை எனக்கு வைத்துவிட்டு, "எத்தினி மணிக்காம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே அவள் மனசு ஸ்கூலுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. இனி கடைதான் வழிவிட வேண்டும்.

கடை வழிவிடுகிற மாசமா அது? ஆடி. வாசலில் ஆள் உயரத்துக்குத் தள்ளுபடி போர்டு. அதிலும் ஆகஸ்ட் பதினைந்து லீவு நாள். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து திருவக்கரை வரைக்கும் இருக்கிற ஜனம் முழுக்க அன்றைக்குத்தான் சேலை எடுக்க வரும். அம்மா போய் மேனேஜரிடம் கேட்டாள். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, தொப்பையைத் தள்ளி அவர் மாதிரியே நடித்துக் காட்டினாள்.

"பொண்ணு ஸ்கூல்ல விசேஷமா? ஆடில விசேஷத்துக்கெல்லாம் லீவு கெடையாதும்மா. மீறி நின்னுட்டா அப்பிடியே நின்னுக்க வேண்டியதுதான், அப்புறம் வர வேணாம். சாவுன்னா சொல்லு, அது வேற. அதுவும் பேனரு போட்டோவோட."

இந்தப் பேனர் போட்டோ சட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மேனேஜர் கல்யாணத்துக்கு லீவு தர மாட்டார், காய்ச்சலுக்குத் தர மாட்டார். சாவுக்கு மட்டும் தருவார். சாவுக்குப் போகாதே என்று சொன்ன பாவம் வேண்டாம் என்பது அவர் கொள்கை. லீவு தருவதோடு விடாமல், நேரம் கிடைத்தால் கடைக் கணக்கில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு தானே நேரில் போய் நிற்பார். இது தெரிந்ததும் சேலை செக்‌ஷனில் சாவு அதிகமாகிவிட்டது. சுடிதார் செக்‌ஷனில் ஒருத்திக்கு ஒரே வருஷத்தில் மூன்று மாமியார் செத்துப்போனார்கள். அன்றிலிருந்துதான் சட்டம்: தெருவில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால்தான் சாவு செல்லும்.

"அவ்ளோதான? மா, நம்ம கடையில தெனம் நாலு பேர மேல அனுப்புறோம். உனக்காவ ஒருத்தர அனுப்ப மாட்டேனா?" என்றேன்.

அம்மா முதலில் திட்டினாள். பிறகு, "யார?" என்று கேட்டாள்.

அதுதான் சிக்கல். "உன் அண்ணன்?" என்றேன். கரண்டி வந்தது. "மல்லாட்ட அனுப்புற அத்த?" என்றேன். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை.

"வருசா வருசம் மூட்ட கட்டி அனுப்புறாளே, அவளையா? உசுரோட இருக்கிறவங்கள பேனர்ல போட்டா ஆயுசு கொறஞ்சு போவும்டா."

"அப்ப ஏற்கெனவே செத்தவங்கள போட்டுடலாம்."

"செத்தவங்கள ஒரு தடவ கொன்னா போதாதா?"

கடைசியில் பிறக்கவே பிறக்காத ஒரு பெரியப்பாவை உண்டாக்குவது என்று முடிவானது. பெயர் வைப்பதில் மறுபடி தகராறு. நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் எங்கள் தெருவிலேயே ஒருத்தர் உயிரோடு இருந்தார். பெயரே வேண்டாம், 'எங்கள் பாசமிகு பெரியப்பா' என்று மட்டும் போட்டுவிடு என்றாள் அம்மா.

முகம் செய்வது என் வேலை. கடைக் கம்ப்யூட்டரில் ஊர் முகம் முழுக்க இருக்கிறது. மூக்கு, ஒரு காதணி விழாவுக்கு வந்த தாய்மாமனுடையது. மீசை ஒரு வட்டச் செயலாளருடையது; கட்சியைச் சொல்ல மாட்டேன். வழுக்கையும் விபூதியும், பாவம், நிஜமாகவே காலமான ஒருவருடையது. வாய்க்கு மட்டும் தோதான ஆள் கிடைக்கவில்லை. என் வாயையே வெட்டி ஒட்டி, சுற்றிக் கொஞ்சம் சுருக்கம் போட்டேன். பெரியப்பா நன்றாகத்தான் வந்தார்.

போனில் அம்மாவிடம் காட்டினேன். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாரு மாதிரி இருக்கான் தெரியுதா?"

"யாரு மாதிரி?"

"உங்கப்பன்."

நான் போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவர் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் கேஸ் கனெக்‌ஷன் புத்தகத்தில், தபால்தலை அளவில். மூக்கும் மீசையும் நெற்றியும் இரவல். வாய்தான் என்னுடையது. அது எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

"மாத்திடட்டுமா மா?"

"வேணாம், இருக்கட்டும்." மறுபடி குழம்பைக் கிளறினாள். "மேல ஒரு கண்ணுலேர்ந்து தண்ணி சொட்டுற மாதிரி படம் வெப்பீங்களே, அத மட்டும் எடுத்துடு. இவனுக்கு எதுக்கு கண்ணீரு."

"கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்குதே மா."

"அஞ்சலி போதும்."

"உசுரோட இருக்கிறவங்கள போட்டா ஆயுசு கொறையும்னியே?"

"இது ஜாடதான? கொறஞ்சா கொஞ்சமாத்தான் கொறையும்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குள் வீட்டில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கொடி ஒத்திகை. கம்பத்தின் உச்சியில் கொடியைப் பூவோடு சுருட்டிக் கட்டியிருப்பார்கள், கயிற்றை ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்து பூ கொட்ட வேண்டும். அவிழாவிட்டால் ஸ்கூலே சிரிக்கும். அம்மாவுக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது. துணி காய்கிற கொடியில், சாமி படத்திலிருந்து எடுத்த காய்ந்த சாமந்தியை என் துண்டில் வைத்துச் சுருட்டி, பாவாடை நாடாவால் தங்கச்சி முடிச்சுப் போட்டுத் தருவாள். அம்மா கீழே நின்று இழுப்பாள். முதல் நாள் துண்டு அவிழவில்லை, கொடிக்கம்பிதான் அவிழ்ந்து வந்தது. இரண்டாம் நாள் துண்டு அவிழ்ந்து நேராக என் தலையில் விழுந்தது. "ஜெய் ஹிந்த்" என்று சல்யூட் வைத்தேன். அம்மா நாடாவாலேயே ஒன்று வைத்தாள்.

பதினான்காம் தேதி சாயங்காலம், யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன காதணி விழா பேனரின் பின்பக்கத்தில் பெரியப்பாவை அச்சடித்தேன். கடைக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தில் கட்டி, ஒரு போட்டோ எடுத்து, ஓனர் பார்ப்பதற்குள் சுருட்டிவிட்டேன். அம்மா ரயிலில் இருந்தபடியே அதை மேனேஜருக்கு அனுப்பினாள். விக்கிரவாண்டி வருவதற்குள் பதில் வந்துவிட்டதாம்: கும்பிடுகிற கை மூன்று, "ஆழ்ந்த இரங்கல். லீவு ஓகே." லேடீஸ் பெட்டியே கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியதாம்.

மேனேஜர் மாலையோடு வந்துவிடுவாரோ என்று நான் கேட்டேன். "ஆடில அவரு கடைய வுட்டு நவுர மாட்டாரு" என்றாள் அம்மா. அவர் ஒலக்கூர்க்காரர், தினமும் பைக்கில் திண்டிவனத்தைத் தாண்டித்தான் விழுப்புரம் போகிறார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு பேருக்குமே அன்றைக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் காலை. வாழ்நாள் முழுக்க அடுத்தவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவள், தனக்கு எதைக் கட்டுவது என்று தெரியாமல் பீரோவைக் கவிழ்த்துவிட்டாள். கடைசியில் தங்கச்சி எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலரைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்கூல் கேட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றப் போனாள். "மா, இது கோயில் இல்ல" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பேண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஒரு தேசத் தலைவர் படம், அதற்குப் போட மாலை இன்னும் வந்து சேரவில்லை என்று பி.டி. சார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அப்போது என் பையில் கடை போன் அடித்தது. ஆர்டர் எடுப்பது நான்தான் என்பதால் கடை போன் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். புது நம்பர். வாய் தானாகப் பேசியது:

"வணக்கம் சார், டிஜிட்டல் ப்ளெக்ஸ். சொல்லுங்க, இன்னா விசேஷம்?"

"விசேஷம் இல்லப்பா, சாவு."

"அடடா. பத்துக்கு எட்டு போட்டுடலாமா சார்? அரை மணி நேரத்துல ரெடி."

"யோவ், பேனரெல்லாம் போட்டாச்சு. பேனரு மூலைல இந்த நம்பர் இருந்துச்சு. அதான் சாவு வூட்டு அட்ரஸ் உனக்கு தெரியுமேன்னு கேக்குறேன். பேரே போடல, பாசமிகு பெரியப்பான்னு போட்டுருக்குது. நான் வெழுப்புரம் ஜவுளிக்கட மேனேஜரு."

பேனர் கடைக்காரன் எவனும் தன் நம்பரை மூலையில் போடாமல் பேனர் விட மாட்டான். எங்கள் ஓனர் அதை டிசைனிலேயே நிரந்தரமாக ஒட்டிவைத்திருக்கிறார். தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

"அது வந்து சார்... ரொம்ப தூரம் சார். நீங்க கெளம்புங்க, நான் சொல்லிடறேன்."

"வாங்குன மாலைய இன்னா பண்றது? அட்ரஸ சொல்லு. ஆமா, இன்னாப்பா அங்க பேண்டு சத்தம்?"

"சாவு மேளம் சார்."

"சாவு மேளம் இவ்ளோ ஒழுங்காவா அடிக்கிறானுங்க?"

அந்த நேரம் பார்த்து எச்.எம். மைக்கில், "இப்பொழுது கொடியேற்ற அந்த அன்புத் தாயாரை அழைக்கிறோம்" என்றார்.

"கொடிங்கிறாங்க?" என்றார் மேனேஜர்.

"பெரியப்பா மிலிட்டரி சார்." எங்கிருந்துதான் வந்ததோ. "பார்டர்ல இருந்தவரு. அதனால கொடி போர்த்துறாங்க."

"மிலிட்டரியா? அத ஏன்ப்பா பேனர்ல போடல? இதுக்கு நான் கண்டிப்பா வந்தே ஆவணும்." பைக்கை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டது. உடனே நின்றது. "இரு இரு. போன்ல கேக்குற பேண்டு எனக்கு இந்தக் காதுலயும் கேக்குதே?"

நான் கேட்டைப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் ஒரு பைக். அதில் ஒரு தொப்பை. அதன் தோளில் ஒரு ஆள் கனத்துக்கு ரோஜாவும் சாமந்தியுமாக ஒரு மாலை. அம்மா நடித்துக் காட்டியதில் தொப்பையைக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டியிருக்கிறாள்.

ஓடிப்போய்க் கேட்டை மூடலாம் என்றுதான் ஓடினேன். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். அவர் பார்த்தது இதுதான்: கம்பத்தின் கீழே மாம்பழக் கலர் சேலையில், தலை நிறையப் பூவோடு, கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, துக்கத்தில் இருக்க வேண்டிய அவருடைய சேலை செக்‌ஷன்.

அதே நேரத்தில் அம்மாவும் அவரைப் பார்த்துவிட்டாள். கயிற்றில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இழுங்கம்மா" என்றார் எச்.எம்.

அம்மா இழுக்கவில்லை. மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வாடகை, தங்கச்சியின் ஃபீஸ், ரயில் சீசன் டிக்கெட் எல்லாம் தோளில் மாலையோடு எதிரே நிற்கிறது. எனக்கும் அப்போது கிண்டல் ஒன்றும் வரவில்லை. முதல் வரிசையில் தங்கச்சி நின்றாள். அவளுக்கு மேனேஜர் யாரென்று தெரியாது, அவள் அவர் பக்கம் திரும்பவும் இல்லை. அம்மாவை மட்டும் பார்த்து, உதட்டை அசைத்து, "இழு மா" என்றாள்.

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு கஸ்டமர் முன்னால் மடிப்புச் சேலையை ஒரே வீச்சில் விரித்துக் காட்டுவாளே, அதே மணிக்கட்டு வீச்சில் கயிற்றைச் சுண்டினாள். மேலே கொடி படாரென்று விரிந்தது. பூ அவள் தலையிலும் எச்.எம். கண்ணாடியிலும் கொட்டியது. விரித்த பழக்கத்தில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். வேற கலர் எடுத்துப் போடட்டுமா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தே போனேன்.

எல்லாரும் சல்யூட் வைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் மேனேஜரும் வைத்துக்கொண்டிருந்தார், இடது தோளில் மாலை சரியச் சரிய.

கை இறங்கியதும் அவர் அம்மாவை நோக்கி நடந்தார். பாதி வழியில் எச்.எம். கண்ணில் மாலை பட்டுவிட்டது.

"வாங்க சார், வாங்க. மாலைய காணோமேன்னு இப்பதான் தேடிக்கினு இருந்தோம். நீங்க?"

"ஜவுளிக்கட மேனேஜருங்க. இவங்க எங்க ஸ்டாஃப்பு. நான் வந்தது..."

எச்.எம். மீதியைக் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்து, தன் ஊழியரைக் கௌரவிக்க ஆடி மாச வியாபாரத்தையும் விட்டுவிட்டு நேரில் வந்திருக்கும் மேனேஜருக்கு நன்றி என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சாவு மாலையை வாங்கித் தலைவர் படத்துக்குப் போட்டார்கள். சரியான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பிறகு மைக்கை அவர் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் அம்மாவைப் பார்த்தார், மைதானம் முழுக்க நிற்கிற அப்பா அம்மாக்களைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் சுதந்திர தின வாழ்த்துகள். இன்னிக்கு மட்டும் பட்டுச் சேலைக்கும் தள்ளுபடி உண்டு."

அன்றைக்கு வந்ததிலேயே பலத்த கைதட்டல் அதற்குத்தான்.

எல்லாம் முடிந்து ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாயோடு நாங்கள் ஸ்கூல் வேப்பமர நிழலில் நின்றோம். மேனேஜர் வந்தார்.

"பெரியப்பாவ எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து. அப்புறம் நிமிர்ந்தாள். "சார், நான் கேட்டுப் பார்த்தேன். நீங்க தரல. பொண்ணு ஒரு தடவ கூப்பிட்டா. வேலைய வுட்டு எடுக்கிறதுன்னா எடுத்துக்குங்க. நான் பொய் சொன்னதுக்கு அவ இன்னா பண்ணுவா?"

அவர் போனை எடுத்தார். பேனர் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கினார். என் வாயைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி என் வாயைப் பார்த்தார்.

"உங்க பெரியப்பா வாயும் உன் வாயும் ஒரே வாயா இருக்குதே தம்பி."

"குடும்ப ஜாட சார்."

"பார்டர்ல இருந்தவரு."

"ஆமா சார்."

மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார். "இந்த பாரும்மா. இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு செக்‌ஷன்ல ஒருத்தி இருக்க மாட்டா, எல்லாரும் சாவுக்கு போயிடுவாளுங்க. அதனால பெரியப்பா செத்தது செத்ததுதான். பதினோரு மணிக்கு கடையில இருக்கணும். பதினாறாம் நாளு வரைக்கும் பூ கீ வெச்சுக்காத, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நில்லு. எவளாவது துக்கம் விசாரிச்சா அழுவணும். புரியுதா?"

"சரிங்க சார்."

"அப்ப பதினாறாம் நாளு காரியத்துக்கு லீவு உண்டா சார்?" என்று கேட்டேன். அம்மா என் காலை மிதித்தாள். அவர் பைக்கை ஸ்டார்ட் செய்து, போகும்போது கத்தினார்: "அடுத்த தடவ நம்பர எடுத்துட்டு போடுறா!"

அம்மா ஜல்தியாக வீட்டுக்கு ஓடி, பூவை எடுத்துவிட்டு, யூனிஃபார்ம் சேலைக்கு மாறி பஸ் ஏறினாள். சாயங்காலம் மயிலம் தாண்டினதும் போன் வந்தது. "குக்கர வை" என்று சொல்லவில்லை. சிரிப்புத்தான் வந்தது. லேடீஸ் பெட்டியே சிரித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்கத் துக்கத்தில் இருந்து இருந்து கன்னம் வலிக்கிறதாம். சுடிதார் செக்‌ஷன்காரி, அந்த மூன்று மாமியார்க்காரி, கட்டிப்பிடித்து நிஜமாகவே அழுதுவிட்டாளாம். அன்றைக்கு நான் குக்கர் வைக்க மறந்தே போனேன்.

கடையில் இப்போது புதுச் சட்டம்: பேனர் போட்டோ செல்லாது, வீடியோ வேண்டும்.

பேனர் வீணாகவில்லை. நல்ல கெட்டி ப்ளெக்ஸ். அடுத்த வாரம் அம்மாவுக்கு லீவு கிடைத்த ஒரே நாளில், குழம்புத்தூள் அரைக்க வாங்கிய மிளகாயை மொட்டைமாடியில் காயவைக்க அதைத்தான் எடுத்தாள். நான் காதணி விழாப் பக்கம் மேலே வருகிற மாதிரி விரித்தேன். அவள் அதைத் திருப்பிப் போட்டாள். மிளகாயைக் கொட்டிப் பரப்பும்போது பெரியப்பாவின் வாய் இருந்த இடத்தில் மட்டும் குவியலாக விட்டாள்.

"மா, எல்லா பக்கமும் சமமா பரப்பு, அப்பதான் காயும்."

"காயுறது காயட்டும்" என்றாள் அம்மா. "நீ கண்ணு பக்கமா கொஞ்சம் தள்ளிவுடு."